ஒரு மாவட்டம் மாரடைப்பை வென்ற விதம்

(குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நம்மிடம் வரும் மருத்துவ உதவி மனுக்களைப் புரட்டினால் இதய அடைப்பு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. இவை தொழில் வளர்ந்த மேல்நாடுகள் நமக்கு முன்பே பட்ட பாடு. அந்த நாடுகளில் ஒரு மாவட்டம் இதிலிருந்து மீண்டது. அது எப்படி என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

ஐரோப்பாவின் வடக்கே இருப்பது பின்லாந்து. அதன் கிழக்கே, ரஷ்ய எல்லையை ஒட்டி வடக்குக் கரேலியா என்ற மாவட்டம். காடும் ஏரியும் பால் பண்ணையும் நிறைந்த பகுதி. மரம் வெட்டுவோரும் சிறு விவசாயிகளும் வாழ்ந்த ஊர்கள். உடல் உழைப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் 1960-களில் மாரடைப்பால் நடுத்தர வயது ஆண்கள் இறப்பது உலகிலேயே அங்கேதான் மிக அதிகம் என்று பல நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு காட்டியது. "உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் வராது" என்று நம்மில் பலர் சொல்கிறோமே, அதற்கு இதுவே பதில்.

காரணம் என்ன? ரொட்டிக்கு வெண்ணெய், சமையலுக்கும் வெண்ணெய், குடிப்பதற்குக் கொழுப்பு நீக்காத பால், உப்பு ஏறிய உணவு. காய்கறி அபூர்வம். ஆண்களில் பாதிப் பேர் புகைத்தார்கள். அமெரிக்காவில் பிராமிங்காம் என்ற ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வு, கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம், புகை மூன்றும் இதய நோயை வரவழைக்கின்றன என்று ஏற்கெனவே காட்டியிருந்தது. கரேலியாவில் மூன்றும் ஒன்றாகக் கூடியிருந்தன.

1971-இல் அந்த மாவட்டத்துப் பிரதிநிதிகளே கையெழுத்திட்டு, "எங்கள் ஆண்களைக் காப்பாற்ற ஏதாவது செய்யுங்கள்" என்று அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972-இல் திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்ற மருத்துவர் பெக்கா புஸ்காவுக்கு அப்போது 30 வயது கூட ஆகவில்லை. மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 1,80,000.

பெரிய இதய மருத்துவமனை கட்டுவது அவர்கள் வழியாக இருக்கவில்லை. நோய் வந்தவரை மட்டும் பார்த்தால் போதாது, ஊரின் பழக்கமே மாற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மார்த்தா என்ற இல்லத்தரசிகள் சங்கம் கை கொடுத்தது. கிராமம் கிராமமாகப் பெண்கள் கூடி, தங்கள் வழக்கமான குழம்பையே கொழுப்பையும் உப்பையும் குறைத்து, காய்கறியைக் கூட்டிச் சமைத்தார்கள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தார்கள். சுகாதாரச் செவிலியர்கள் இரத்த அழுத்தம் உள்ளவர்களைப் பதிவேட்டில் எழுதி, விடாமல் கவனித்து வந்தார்கள். பால் பண்ணைக்காரர்களின் பிழைப்புக்கு வழி வேண்டுமே என்று பழச் சாகுபடிக்கு உதவினார்கள். 1976-இல் நாடு முழுமைக்கும் புகையிலைச் சட்டம் வந்தது.

பலன்? சுமார் 35 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்கள் இதய நோயால் இறப்பது அந்த மாவட்டத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பிற்காலத்தில் நல்ல மருந்தும் சிகிச்சையும் வந்ததற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் தொடக்க ஆண்டுகளில் இறப்பைக் குறைத்தது பெரும்பாலும் சமையலறையிலும் கடையிலும் ஏற்பட்ட மாற்றமே.

பின்லாந்தில் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. உடல் பருமனும் சர்க்கரையும் அங்கே இன்றும் கவலைதான். அதற்கும் அவர்கள் ஒரு வழி காட்டினார்கள். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 522 பேரிடம் நடந்த ஆய்வு 2001-இல் வெளியானது. எடையைச் சிறிது குறைத்து, உணவைச் சீராக்கி, உடற்பயிற்சி செய்தவர்களிடம் நோய் வருவது 58 சதவீதம் குறைந்திருந்தது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தெற்காசிய மக்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயதில் தகப்பன் மௌத்தாகிவிட்டால் அந்த வீடு என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்துக்கு உதவுவது நம் கடமை, அதைச் செய்துகொண்டே இருப்போம். ஆனால் நாம் எவ்வளவு கொடுத்தாலும் அவர் இருந்ததற்கு ஈடாகாது.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, 30 வயது தாண்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் வலித்துச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மருந்து தொடங்கியவர்கள் "சரியாகிவிட்டது" என்று தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். இரண்டு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. மூன்று, கல்யாண விருந்துக்குப் பண்டாரியிடம் சொல்லும்போதே டால்டா வேண்டாம், நெய்யையும் எண்ணெயையும் குறையுங்கள், காய்கறி ஒன்று சேருங்கள் என்று சொல்லுங்கள்.

இதைப் பெண்களின் தலையில் மட்டும் கட்டிவிட வேண்டாம். உப்புக் குறைந்த சாப்பாட்டைக் குறை சொல்லாமல் சாப்பிடுவதும், வீட்டில் சிகரெட்டை நிறுத்துவதும் ஆண்களின் பொறுப்பு. கரேலியாவில் ஊரே சேர்ந்து மாறியதால்தான் பலன் கிடைத்தது.

தெருவுக்கு இரண்டு பேர் முன்வந்தால், இன்ஷா அல்லாஹ், இரத்த அழுத்தம் பார்க்கப் பழக்கிக் கொடுத்துப் பதிவேட்டையும் தொடங்கலாம். விருப்பமுள்ள சகோதரிகளும் வாலிபர்களும் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.