மானுக்கு ஒரு புல்வெளி

மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா வனத்தில் 1970ஆம் ஆண்டில் எஞ்சியிருந்த பாரசிங்கா மான்கள் 66 மட்டுமே. பாதுகாப்பும் புல்வெளியும் சேர்ந்து இன்று அவற்றைப் பல நூறாகப் பெருக்கியுள்ளன. அம்மானுக்குப் புல்லே உணவு.

அப்புல்வெளிகளுட் பல, குடிபெயர்க்கப்பட்ட சிற்றூர்களின் பழைய வயல்கள். அவற்றை உழுதவர் கோண்டு, பைகா மக்கள். மானின் மீட்சியைப் புகழும்போது நாம் அவர்களை மறந்துவிடுகிறோம்.

கைவிட்ட வயல் புல்வெளியாகவே நிலைத்திராது. காடு அதனை விழுங்கிவிடும். ஆகவே, முளைக்கும் மரக்கன்றுகளை ஆண்டுதோறும் களைதல் வேண்டும். உண்ணிச்செடியைக் காய் முற்றுமுன் வேரோடு அகழ்ந்து, அவ்விடத்தில் மான் விரும்பும் புல்லின் விதையைத் தூவுதல் வேண்டும். ஆனால் நிலத்தை மொட்டையடித்தலும் ஆகாது. உயர்ந்த புல்லினுள்தான் தாய்மான் தன் குட்டியை மறைத்து வைக்கிறது.