தரிசனத்துக்கு ஆகும், நோய்க்கு ஆகாதா?



கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒன்று பேசப்போகிறேன். திருமலைக்கு தரிசன டிக்கெட் போட்டாயிற்று. அந்தத் தேதியில் வீட்டுப் பெண்ணுக்கு விலக்கு வரும்போலிருக்கிறது. என்ன செய்கிறோம்? மெடிக்கல் ஷாப்புக்கு ஆள் அனுப்பி, தள்ளிப்போடுகிற மாத்திரையை வாங்கி விழுங்கச் சொல்கிறோம். டாக்டரைக் கேட்பதில்லை, மாமியாரும் மறுப்பதில்லை.

அந்த மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன். 1951-ல் மெக்சிகோ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் உருவானது. கருத்தடை மாத்திரைகள் பலவற்றில் சேர்ந்ததும் இதுதான்!

இப்போது அதே வீட்டுக்கு வருவோம். மகளுக்கு மாதம் பத்து நாள் உதிரப்போக்கு. ரத்தம் குறைந்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரை எழுதுகிறார். "கல்யாணமாகாத பொண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையா?" என்று சீட்டை மடித்து வைத்துவிடுகிறோம். தரிசனத்துக்கு ஆகும், நோய்க்கு ஆகாது! இது என்ன நியாயம்?

அமெரிக்காவில் எனோவிட் என்ற கருத்தடை மாத்திரைக்கு 1957-ல் கிடைத்த முதல் அனுமதியே மாதவிடாய்க் கோளாறுகளுக்காகத்தான். கருத்தடைக்கு அனுமதி வந்தது 1960-ல்.

டாக்டரம்மா எழுதுகிற இந்த வகை மாத்திரை கருப்பையின் உட்படலம் தடித்து வளராமல் பார்த்துக்கொள்கிறது. படலம் மெலிந்தால் போக்கு குறையும். சுருண்டு படுக்கவைக்கும் வலியும் குறையும். எண்டோமெட்ரியோசிஸ் என்ற கருப்பை உட்படல நோயின் வேதனை தணியும். பிசிஓடி என்ற சினைப்பைக் கோளாறு உள்ள பெண்ணுக்கு மாதக்கணக்கில் விலக்கு வராமல் படலம் தடித்துக்கொண்டே போனால், பிற்காலத்தில் புற்றுநோய் வரைக்கும் போகலாம். அதற்கும் இது காப்பு. சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பையும் குறைக்கிறது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. அதிக உதிரப்போக்கும் அவற்றில் ஒன்று.

எல்லாருக்கும் ஏற்ற மருந்தா? இல்லை. ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உண்டானவர்கள், ரத்த அழுத்தம் மிகுந்தவர்கள், கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தொடக்கூடாது. தள்ளிப்போடுகிற மாத்திரையும் ஆபத்தில்லாததல்ல. அதற்கும் டாக்டரைக் கேட்கத்தான் வேண்டும்.

திருப்பதியில் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. பத்மாவதித் தாயார் பெயரில் பெண்களுக்கென்றே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மகளை அழைத்துப் போங்கள். மாத்திரையின் பெயரைப் பார்த்துப் பதறாதீர்கள். என்ன நோய்க்கு, எத்தனை மாதம், என்ன எச்சரிக்கை என்று மூன்றே கேள்வி கேளுங்கள். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்ற நாலாவது கேள்வி மட்டும் வேண்டாம்!