பழுதானால் பெல்ட் நிற்க வேண்டும், தண்ணீர் அடைபட வேண்டும்

வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மரக்கறி நாற்றுப் போடுகிறவர்களும், பசறை, நமுனுகுலை, அப்புத்தளைத் தோட்டங்களில் தவறணை பார்க்கிறவர்களும், பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கச்சிமாரும் கேட்க வேண்டிய விஷயம் ஒன்றை இன்றைக்கு எடுத்திருக்கிறேன். நாற்றுத் தட்டு பெல்ட்டில் ஏறி வருகிறது. நொசிலுக்குக் கீழே வந்ததும் தண்ணீர் விசிறுகிறது. தட்டு தாண்டியதும் நின்றுவிடுகிறது. இப்படி ஒரு சின்ன மெஷினை நாமே வயர் பண்ணி, புரோகிராம் எழுதி ஓட்டுவது எப்படி?

தட்டு வந்தால் தண்ணீரை எப்படித் திறப்பது என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் வேறொன்றைக் கேளுங்கள். ஏதாவது பழுதானால் இந்த மெஷின் என்ன செய்யும்? பெல்ட் நிற்க வேண்டும், தண்ணீர் அடைபட வேண்டும். அவ்வளவுதான் பதில். வயரையும் புரோகிராமையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

முதலில் கரண்ட். நிலம் எப்போதும் ஈரம், காலில் செருப்பும் இருக்காது. அங்கே 230 வோல்ட் வரவே கூடாது. காய்ந்த சுவரில் ஒரு பெட்டி வைத்து, அதற்குள் 12 வோல்ட் பவர் பேக்கைப் பூட்டுங்கள். பெல்ட் பக்கம் 12 வோல்ட் மட்டும் போகட்டும். 230 வோல்ட் இணைப்பை அனுமதிப்பத்திரம் உள்ள மின்வினைஞரிடம் கொடுங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் போகிற வயர் எல்லாம் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து ஏறினால், வயரில் வழிகிற தண்ணீர் பெட்டிக்குள் போகாமல் வெளியே சொட்டிவிடும்.

பெல்ட்டை இழுக்கக் கார் வைப்பர் மோட்டர் போதும். 12 வோல்ட், கியரோடு வருகிறது, மெதுவாகச் சுற்றும். பியூஸ் போட மறக்காதீர்கள்.

தண்ணீருக்கு 12 வோல்ட் சொலனொய்ட் வால்வு. கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இதை, புரோகிராம் ஓடுகிற ஆர்டுயினோ ஊனோ போர்டின் பின்னில் நேராக இணைக்கக் கூடாது. ஊனோ போர்டின் ஒரு பின் பாதுகாப்பாகத் தரக்கூடியது 20 மில்லி அம்பியர். 5 வொட் வால்வு இழுப்பது 400 மில்லி அம்பியருக்கு மேல். நடுவில் ரிலே போடுங்கள், மோட்டருக்கும் அப்படியே. வால்வுச் சுருளின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோட், வெள்ளைக் கோடு உள்ள பக்கம் பொசிட்டிவில். சுருளை நிறுத்தும் கணத்தில் எழும் உயர் வோல்டேஜை அது தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ரிலே முனை கருகும், போர்டும் காரணமில்லாமல் ரீசெட் ஆகும்.

இனி அழுத்தம். நம் மலையில் இது இலவசமாகவே கிடைக்கலாம். 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 பார். பீலி ஊற்று 30 மீட்டர் மேலே இருந்து, குழாயும் அகலமாக இருந்தால், பம்பு இல்லாமலே 3 பாருக்குக் கிட்ட வரும். மஞ்சள் நிற விசிறி நொசில் 3 பாரில் நிமிடத்துக்கு 0.8 லீட்டர் விடும். தட்டு 54 சென்டிமீட்டர், பெல்ட் செக்கனுக்கு 10 சென்டிமீட்டர் என்றால் தட்டு நொசிலைக் கடக்க 5.4 செக்கன். தட்டொன்றுக்கு 72 மில்லிலீட்டர். தும்புச்சோறு நனைய அது போதவில்லையா? பெல்ட் வேகத்தைப் பாதியாக்குங்கள், அல்லது இன்னொரு நொசில் போடுங்கள். அழுத்தத்தைக் கூட்டி இரட்டிப்பாக்கப் பார்த்தால் நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். ஊற்றுத் தண்ணீரில் மணலும் இலைத்தூளும் வரும், அதனால் நொசிலுக்கு முன்னால் வலைவடி கட்டாயம்.

சென்சரில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாற்றுத் தட்டு கறுப்பு. அகச்சிவப்புக் கதிர் பட்டுத் திரும்புகிற வகைச் சென்சருக்குக் கறுப்பு சரியாகத் தெரியாது. ஒரு பக்கம் கதிர் அனுப்பி மறுபக்கம் வாங்குகிற ஜோடி வகை நல்லது. நொசிலுக்கு முன்னால், சாரல் படாத இடத்தில், நேர் வெயில் விழாமல் மறைத்துப் பூட்டுங்கள்.

இப்போது புரோகிராம். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு தாளில் நான்கு நிலை எழுதுங்கள்: காத்திருப்பு, ஓட்டம், விசிறல், பழுது. எதிலிருந்து எதற்கு, எப்போது போகும் என்று அம்புக்குறி போடுங்கள். டிலே கட்டளையைப் பாவிக்க வேண்டாம். ஐந்து செக்கன் டிலே ஓடும்போது, நீங்கள் ஸ்டொப் பட்டனை அழுத்தினாலும் புரோகிராம் அதைப் பார்க்காது. ஓடிய மில்லிசெக்கனை எண்ணுகிற மில்லிஸ் கணக்கை வைத்து நேரம் பாருங்கள், சுற்றுக்குச் சுற்று பட்டனையும் பார்க்கலாம்.

அதைவிட நல்லது, நேரத்தை விட்டுத் தூரத்தை எண்ணுவது. ரோலரில் ஒரு காந்தம், பக்கத்தில் அதை உணர்கிற ஒரு ஹோல் சென்சர். ஈரத் தட்டுகள் நிறைய ஏறினால் பெல்ட் மெதுவாகும், ஆனால் எண்ணிக்கை மாறாது. காந்தத்தை பெல்ட் சுழற்றுகிற ரோலரில் ஒட்டுங்கள், மோட்டர் பூட்டிய ரோலரில் வேண்டாம். அப்போதுதான் மோட்டர் ஓடியும் எண்ணிக்கை வராவிட்டால் பெல்ட் வழுக்குகிறது, இல்லை சிக்கிக்கொண்டது என்று தெரியும். உடனே பழுது நிலைக்குப் போகச் சொல்லுங்கள்.

ஸ்டொப் பட்டன் சாதாரண நிலையில் மூடிய இணைப்பாக இருக்க வேண்டும். மோட்டருக்கும் வால்வுக்கும் போகிற 12 வோல்ட்டை அதுவே நேராக வெட்ட வேண்டும், புரோகிராமை நம்பியிருக்கக் கூடாது. அதன் வயரை எலி கடித்து அறுத்தாலும் மெஷின் நிற்கும். ரிலேயிலும் ஒன்றைக் கவனியுங்கள்: ரிலே போர்டுகளில் அநேகமானவை, பின் லோ ஆனால் இழுக்கும். பின்னை அவுட்புட் ஆக்கும் கணத்திலேயே அது லோ ஆகிவிடும், பெல்ட் ஒரு தடவை உதறும். ஆகவே முதலில் ஹை எழுதி, பிறகு அவுட்புட் ஆக்குங்கள்.

கரண்ட் போய் வருவது நமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பட்டதால் நாடு முழுக்க மின்சாரம் போனதாக எரிசக்தி அமைச்சர் சொன்னார். போன கரண்ட் திரும்பி வரும் நேரம் உங்கள் கை ரோலரில் இருக்கலாம். ஆகவே, கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடக் கூடாது. காத்திருப்பில் நின்று, ஸ்டார்ட் பட்டனை ஒருவர் அழுத்தினால்தான் ஓட வேண்டும். சித்திரையிலும் ஐப்பசி மழையிலும் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கட்டி முடித்ததும் தட்டு ஏற்றாமல் ஓட்டி, ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பாருங்கள். தட்டுச் சென்சர் வயர், ஹோல் சென்சர் வயர், ஸ்டொப் வயர், எதைக் கழற்றினாலும் பெல்ட் நின்று தண்ணீர் அடைபட்டால் மெஷின் தயார். ஒன்றிலாவது தொடர்ந்து ஓடினால், அதைத் திருத்தும் வரை யாரையும் பக்கத்தில் வேலைக்கு விடாதீர்கள்.