கைவேலைக்கு ஒரு கல்லூரி
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பள்ளியில் ஆறு ஆண்டு படித்தேன். ஒரு பரிசும் வாங்கியதில்லை. இந்த மேடையில் ஏறுவது இதுவே முதல் தடவை. கணக்கில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணைச் சொல்ல மாட்டேன். என் வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்! எனக்கு வந்ததெல்லாம் தையல்தான். அதை வைத்துத்தான் கடை போட்டுப் பிழைத்தேன்.

என் அண்ணன் மகளும் இதே பள்ளியில் படித்தவள். மேற்படிப்புக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்திருக்கிறது என்று ஒரு நாள் வந்து சொன்னாள். என்ன படிப்பு என்று கேட்டோம். நெசவு, தையல், சாயம், முடிச்சு, அதாவது நாரையும் நூலையும் வைத்துச் செய்கிற கலை என்றாள். அண்ணனுக்கு வந்ததே கோபம். "ஏம்மா, துணி தைக்கிறதுக்கு அமெரிக்கா போவணுமா? அத்தை கடையிலேயே மிஷின் சும்மா கெடக்குதே!" என்றார். உங்களில் பல பேர் அப்படித்தான் கேட்பீர்கள். நானும் மனசுக்குள் கேட்டேன்.

அவள் படித்த இடம் கிரான்புரூக் கலைக் கழகம். டெட்ராய்ட் நகருக்கு வடக்கே, புளூம்ஃபீல்ட் ஹில்ஸ் என்னும் ஊரில் இருக்கிறது. ஜார்ஜ் பூத் என்ற பத்திரிகை முதலாளியும் அவர் மனைவி எலனும் சேர்ந்து அமைத்தது. 1932-இல் தொடங்கியபோது எலியேல் சாரினன் என்ற பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அதன் முதல் தலைவரானார். ஆனால் அதற்கு முன்பே, 1928-இல், அவருடைய மனைவி லோயா சாரினன் அங்கே தறிகளைப் போட்டு நெசவுக்கூடம் நடத்திக் கொண்டிருந்தார். இதைக் கேட்டபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி. தறி முதலில் வந்தது, கல்லூரி பிறகுதான் வந்தது!

இரண்டு ஆண்டுப் படிப்பு. பரீட்சை கிடையாது, ராங்க் கிடையாது. ஆளுக்கு ஒரு வேலையிடம் கொடுத்து விடுகிறார்கள். துறைக்குத் தலைமை தாங்குபவரே கலைஞராக அங்கே தங்கி வேலை செய்கிறவர். அடடா, நம்ம பிள்ளைகளுக்கு இப்படி இருந்தால் எவ்வளவு சுகம் என்று நினைக்காதீர்கள். செய்ததைச் சுவரில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து, கண்ணுக்குப் பட்டதைச் சொல்வார்கள். நின்று கேட்க வேண்டும். அதற்குப் பரீட்சையே தேவலாம்.

எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர். கோதுமை மாவுச் சாக்கு, கிழிந்த கைலி, வேலைக்குப் போட்டுத் தேய்ந்த சட்டை எல்லாவற்றையும் அடுக்கித் தைத்து மெத்தை போடுவார். உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அதில் ஒன்றை அந்தப் பெண் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருந்தாள்.

தறியில் ஒரு விஷயம் உண்டு. பாவு நூலைக் கடைசி வரைக்கும் நெய்ய முடியாது. துணியை அறுத்து எடுத்த பிறகு, ஒரு நீளம் எப்போதும் வீணாக மிஞ்சும். கூடப் படித்தவர்கள் குப்பையில் போட்ட அந்த நுனிகளை இரண்டு வருடமும் பொறுக்கி வைத்திருக்கிறாள். அதையெல்லாம் ஒன்றோடொன்று முடிந்து, மறுபடியும் ஊடையாகக் கொடுத்து, பாட்டி மெத்தை அளவுக்கு நெய்தாள்.

கடைசி ஆண்டுக் கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அதை மாட்டியிருக்கிறாள். பார்த்த ஒரு மாணவர், "இது கந்தல் இல்லை, கந்தல் மாதிரி நடிக்கிறது" என்று சொல்லி விட்டார். அன்று இரவு எனக்குப் போன் போட்டு அழுதாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "பாட்டி மெத்தையில் முடிச்செல்லாம் எந்தப் பக்கம் இருக்குது, பாரு" என்றேன். அம்மா முடிச்சை மறைக்க மாட்டார். நேரம் எங்கே இருந்தது? விடிகாலையில் பெரட்டுக்குப் போக வேண்டுமே. இவளோ எல்லா முடிச்சையும் பின்பக்கம் தள்ளி, முன்பக்கத்தை அழகு பண்ணியிருக்கிறாள். பாதியை அவிழ்த்து மூன்று வாரத்தில் மறுபடி நெய்தாள்.

2018 மே மாதம் நான் போனேன். அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை. அங்கே படிப்பு முடிகிறவர்களின் வேலைகளை, அந்த வளாகத்திலேயே உள்ள கலைக்கூடத்தில் வைக்கிறார்கள். அவளுடையதும் தொங்கியது, முடிச்செல்லாம் முன்னே தெரிய. நான் ரொம்ப நேரம் நிற்கவில்லை. கண் கலங்கினால் மூக்குக் கண்ணாடி மங்கி விடுகிறது.

பட்டமளிப்பு முடிந்ததும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நானும் கூட நின்று ஆணி பிடுங்கினேன், சுவர் ஓட்டையை அடைத்தேன், நூல் உருளைகளை அடுத்து வருகிறவர்களுக்கு ஒதுக்கி வைத்தேன். இரண்டு வருட வாழ்க்கை நாலு பெட்டிக்குள் அடங்கியது. வெறும் அறையைப் பார்த்து, "அத்தை, நாளைக்கு நான் யாரு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதே கல்லூரியில் 1980களில் படித்தவர் நிக் கேவ் என்ற கறுப்பினக் கலைஞர். தாயார் தனியாக வளர்த்த பிள்ளைகளில் ஒருவர். அண்ணன்மாரின் பழைய உடைகளைத் தனக்கேற்ப மாற்றிப் போட்டு வளர்ந்தவர். 1991-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸார் ராட்னி கிங் என்பவரை அடித்த கொடுமையைக் கேட்டு மனம் நொந்து, சிகாகோ பூங்கா ஒன்றில் கீழே கிடந்த குச்சிகளைப் பொறுக்கி, ஓர் உடுப்பு முழுவதும் கோத்தார். போட்டு நடந்தால் சலசலவென்று சத்தம் வந்தது. அப்படிச் செய்த உடுப்புகள்தான் அவர் பெயரை உலகுக்குச் சொன்னது. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எங்கள் பெண் திரும்பி வந்து பிள்ளைகளுக்கு நெசவு சொல்லித் தருகிறாள். படிப்புக் கடன் இன்னும் தீரவில்லை. அண்ணன் அந்தத் துணியை மடியில் போட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "எவ்வளவுக்குப் போவும்?" என்றார். விற்பதற்கில்லை என்றாள். அதற்கும் முணுமுணுத்தார். ஆனால் அலமாரியில் பூட்டி வைத்தது அவர்தான்.

பெற்றோர்களே, அடுத்த ஆண்டு முதல் கைவேலைக்கு 100 வெள்ளிப் பரிசு ஒன்று தருவதாகத் தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். முதலாவது, இரண்டாவது என்று எண் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பிள்ளைகள் செய்ததை வகுப்பறைச் சுவரில் மாட்டுவார்கள். பணத்தில் எல்லாருக்கும் நூலும் ஊசியும் வாங்குவோம். நீங்கள் வந்து நின்று பார்த்து, கண்ணுக்குப் பட்டதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். வீட்டில் பழைய மெத்தை இருந்தால் போகியில் கொளுத்தி விடாமல் அதையும் கொண்டு வாருங்கள்.