கரும்பு வெட்டுவோரின் சிறுநீரகம்

குண்டிக்காய் என்று நம் ஜனங்கள் சொல்லும் சிறுநீரகம் கெடுவதற்குச் சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்புமே காரணம் என்பார்கள். மத்திய அமெரிக்காவில் எல் சல்வடார் நாட்டு டாக்டர்கள் 2002-ல் வேறொன்றை எழுதினார்கள். சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்தோரில் பெரும்பாலோருக்கு இவ்விரண்டும் இல்லை. அவர்கள் யார்? கடலோரச் சமவெளியில் பாடுபட்ட விவசாயத் தொழிலாளிகள்!

பக்கத்து நாடான நிகராகுவாவில், சிச்சிகல்பா அருகே ஒரு குடியிருப்புக்கு 'விதவைகளின் தீவு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஆராய்ச்சியாளர்கள் கரும்புக் கொல்லைக்கே போனார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரே நாள் வெட்டில் சிறுநீரகம் சளைத்திருந்தது. கடும் வெயிலில் ஓயாத உழைப்பும் உடம்பில் நீர் வற்றுவதுமே முதல் குற்றவாளி என்கிறார்கள். டன் கணக்கில் கூலி. நிழலில் நின்றால் கூலி போச்சு. வலியும் தெரியாது. தெரியும்போது மிஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டும். கூலிக்காரன் எங்கே போவான்?

அதே எல் சல்வடாரில், 2014-15 அறுவடையில் வெட்டுவோருக்கு முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பை, நிழல் கூடாரம், கட்டாய ஓய்வு, நல்ல வெட்டரிவாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஓய்வு கொடுத்தால் வேலை கெடும் என்பதுதானே முதலாளிகளின் பழைய பல்லவி? நாளைக்கு ஆள் ஒன்றுக்கு 5.1 டன் வெட்டியவர்கள், 7.3 டன் வெட்டினார்கள்.