குருதி உறையா நோய்

  

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளிக்கு வாராத பிள்ளை சோம்பேறி என்று பெயர் பெறுகிறான். அவன் முழங்கால் வீங்கிக் கிடப்பதை எவரும் பார்ப்பதில்லை. அடிபடாமலே மூட்டுக்குள் குருதி கசியும் பிள்ளைக்குக் கண்ணேறு என்று வேப்பிலை அடிப்போரும் உண்டு. அந்நோய்க்கு ஹீமோபிலியா என்று பெயர்.

குருதியை உறையச் செய்யும் காரணிகள் பல. அவற்றுள் எட்டாவது குறைந்தால் 'ஏ' வகை, ஒன்பதாவது குறைந்தால் 'பி' வகை. தாய்வழியே வந்து பெரும்பாலும் ஆண்மக்களைப் பற்றும். அதற்காகத் தாயைப் பழித்தல் அறியாமை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்குக் குடும்பத்தில் முன்பு எவர்க்கும் இந்நோய் இருந்ததில்லை. விக்டோரியா அரசியின் மகன் லியோபோல்டு 1884-இல் தவறி விழுந்து இறந்ததும் இந்நோயாலேதான். அரண்மனை, சேரி என்று அது பார்ப்பதில்லை. மருந்து கிடைப்பதில்தான் வேறுபாடு.

அம்மருந்தின் வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும். 1960-களில் ஜூடித் பூல் என்னும் அமெரிக்க அம்மையார், உறைய வைத்த பிளாஸ்மாவை மெல்ல உருக்கும்போது அடியில் தங்கும் படிவில் எட்டாம் காரணி மிகுந்திருத்தலைக் கண்டார். பின்னர் ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாய்க் கலந்து காரணி மருந்து செய்தனர். அப்புட்டியில் எச்சாதியார் குருதி எத்துணை என்று பிரித்துக் காட்ட எந்த மனுவாலும் ஆகாது! 1980-களில் அம்மருந்து வழியே எய்ட்ஸ் கிருமி பரவிப் பலர் மாண்டனர். அதன்பின் கிருமி நீக்கும் முறைகள் வந்தன. மனிதக் குருதியின்றிச் செய்யும் மருந்தும் இன்று உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் ஐவர்க்கு மரபணு மருத்துவம் செய்து, அதன் பயனை 2024-இல் உலகறிய வெளியிட்டனர்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காரணி மருந்து விலையின்றி ஏற்றப்படுகிறது. ஆயினும் கசிவு தொடங்கி இரண்டு மணி நேரத்திற்குள் ஏற்றுதல் நலம் என்பர் வல்லுநர். இராமேசுவரத்திலிருந்து மதுரையோ ஏறத்தாழ 170 கிலோமீட்டர்! பாம்பன் பாலத்தைக் கடந்து பேருந்தில் செல்வதற்குள் மூட்டு நிரம்பிவிடும். இராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கு இம்மருந்து எப்போதும் கையிருப்பில் இருத்தல் வேண்டும் என்று நம் சங்கம் எழுதிக் கேட்க வேண்டும். ஒருமுறை எழுதி ஓய்தல் கூடாது.

இந்நோயுடைய பிள்ளைக்குத் தசையில் ஊசி போடலாகாது, ஆஸ்பிரின் ஆகாது. பல் பிடுங்குமுன் மருத்துவரிடம் நோயைச் சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தையின் தொப்புளில் குருதி நில்லாது கசிந்தால், அது பதின்மூன்றாம் காரணிக் குறையாகவும் இருக்கலாம். பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் இத்தகைய அரிய குறைகள், அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் குடும்பங்களில் மிகுதி.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவையும் சேர்த்துள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர்க்கு உயர்கல்வியில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடம் உண்டு. சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாத பெற்றோர்க்கு நம் இளைஞர் எழுதித் தருதல் வேண்டும். மருத்துவக் குழுவின் முன் உடன் சென்று நிற்றலும் வேண்டும்.