காட்டிக் கொடுத்தது யார்? ஒரு யூதக் குடும்பமும் சில கையெழுத்துகளும்

(மனித உரிமைக் கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆன் ஃபிராங்க் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் உங்களில் வெகு சிலரே இருப்பீர்கள். பதின்மூன்று வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, பதினைந்து வயதில் நாஜி வதைமுகாமில் மாண்டுபோன சிறுமி அவள். இன்று நான் பேச வந்திருப்பது அவளுடைய அப்பாவைப் பற்றி. ஓட்டோ ஃபிராங்க் அவர் பெயர். ஒளிந்திருந்த எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் அவர் ஒருவரே.

இந்தக் கதையைக் கேட்டதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இவர்களைக் காட்டிக் கொடுத்தது யார்? எண்பது ஆண்டுகளாக உலகம் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு வழக்கறிஞர் என்ற முறையில் நானும் அதைக் கேட்கிறேன். ஆனால், குற்றவாளியை வேறு இடத்தில் தேடச் சொல்கிறேன்.

நாடு இழந்தவர்

ஓட்டோ 1889-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் ஜெர்மன் இராணுவத்தில் போரிட்டு, லெப்டினென்ட் பதவி வரை உயர்ந்தவர். தான் பிறந்த மண்ணுக்காகத் துப்பாக்கி ஏந்திய மனிதர்! 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அதே மண்ணில் அவர் அந்நியர் ஆனார். மனைவி ஈடித், மகள்கள் மார்கோட், ஆன் ஆகியோரோடு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் குடியேறினார். ஜாம் கெட்டிப்படுவதற்கான பெக்டின் விற்கும் ஓப்பெக்டா நிறுவனத்தை அங்கே நடத்தினார்.

1940 மே மாதம் ஜெர்மன் படை நெதர்லாந்தைப் பிடித்தது. தப்பி ஓடி வந்த இடத்துக்கே துரத்தியவன் வந்து சேர்ந்தான்.

ஓட்டோ சும்மா இருக்கவில்லை. அவருடைய கல்லூரித் தோழர் நேதன் ஸ்ட்ராஸ் அப்போது அமெரிக்க அரசாங்கத்தின் வீடமைப்புத் துறைத் தலைவர். அவருடைய குடும்பம் நியூயார்க்கின் மேசிஸ் பேரங்காடிக்குச் சொந்தமானது. 1941 ஏப்ரலில் ஓட்டோ அவருக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். தோழர் கைவிடவில்லை, பிணை கொடுக்க முன்வந்தார். ஆனால், அமெரிக்கா அந்த ஆண்டின் நடுவில் விசா விதிகளை இறுக்கியது. ஐரோப்பாவின் ஆக்கிரமிப்புப் பகுதிகளில் இருந்த அமெரிக்கத் தூதரக அலுவலகங்களும் மூடப்பட்டன. அரசாங்கத்தின் உயர் பதவியில் இருந்த நண்பராலும் அந்தக் கதவைத் திறக்க முடியவில்லை.

1941 நவம்பரில் ஜெர்மனி ஒரே ஆணையில், வெளிநாடுகளில் வாழ்ந்த ஜெர்மன் யூதர்கள் அனைவரின் குடியுரிமையையும் பறித்தது. ஓட்டோ எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆனார்.

கையெழுத்துப் போட்டவர்கள்

இப்போது நெதர்லாந்தின் அரசு அலுவலகங்களுக்கு வாருங்கள்.

1940 அக்டோபரில் ஆக்கிரமிப்பு அரசு, பொதுப்பணியில் இருப்பவர் அனைவரிடமும் ஒரு பாரத்தை நீட்டியது. "நான் யூதன் அல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலோர் போட்டார்கள். நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் போட்டார்கள். அந்த நீதிமன்றத்தின் தலைவர் லோடவெய்க் விஸ்ஸர் ஒரு யூதர். முதலில் அவரை இடைநீக்கம் செய்தார்கள், பிறகு பதவியை விட்டே விலக்கினார்கள். கூடவே அமர்ந்து தீர்ப்பெழுதிய சக நீதிபதிகள் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. சட்டம் படித்த நமக்கெல்லாம் இது தலைகுனிவு.

அதே சட்டத்துறையில் வேறொரு மனிதரும் இருந்தார். லைடன் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறைத் தலைவர் ருடோல்ஃப் கிளெவெரிங்கா. அவருக்குச் சட்டம் கற்றுக் கொடுத்த பேராசிரியர் எடுவார்ட் மைய்யர்ஸ் யூதர் என்பதால் பதவி நீக்கப்பட்டார். 1940 நவம்பர் 26-ஆம் தேதி, மைய்யர்ஸ் வகுப்பெடுக்க வேண்டிய அதே நேரத்தில் கிளெவெரிங்கா மேடையேறினார். தம் ஆசானின் பெருமையை எடுத்துச் சொல்லி, அவரை நீக்கியது அநீதி என்று பகிரங்கமாகப் பேசினார். மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுநாளே அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஒரே பாடப்புத்தகத்தைப் படித்தவர்கள்தானே இந்த இரு தரப்பும்? சட்ட அறிவு ஒருவருக்கு முதுகெலும்பைக் கொடுத்துவிடாது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

1941 ஜனவரியில் அடுத்த ஆணை வந்தது: யூதர்கள் எல்லோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். நெதர்லாந்தின் பதிவேடுகள் மிகத் துல்லியமானவை. யாக்கோப் லென்ட்ஸ் என்ற டச்சு அதிகாரி, போலி செய்ய மிகக் கடினமான ஓர் அடையாள அட்டையை வடிவமைத்துக் கொடுத்தார். யூதர்களின் அட்டையில் 'ஜே' என்ற எழுத்து குத்தப்பட்டது. யார் யூதர், எந்தத் தெரு, எந்த வீடு என்று எல்லாமே கோப்பில் ஏறியது.

நெதர்லாந்திலிருந்து ஏறத்தாழ 1,07,000 யூதர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் சுமார் 5,000 பேர்தான். பதிவு செய்தவர்கள், பட்டியல் போட்டவர்கள், வீட்டிலிருந்து அழைத்துச் சென்ற போலீஸ்காரர்கள், இரயில் ஓட்டியவர்கள் ஆகியோரில் மிகப் பலர் டச்சுக்காரர்கள். ஒவ்வொருவரும் "என் வேலையைத்தானே செய்தேன்" என்று சொல்லிக்கொள்ள இடமிருந்தது.

நட்பு என்பது அன்றாட வேலை

1942 ஜூலை 5-ஆம் தேதி, 16 வயது மார்கோட்டுக்கு ஜெர்மனியில் வேலை முகாமுக்கு வரும்படி உத்தரவு வந்தது. மறுநாளே குடும்பம், பிரின்சன்கிராக்ட் 263 என்ற முகவரியில் இருந்த ஓட்டோவின் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்தது. பின்னர் வேறு நால்வரும் சேர்ந்தார்கள்.

இவர்களைக் காப்பாற்றியவர்கள் அவருடைய ஊழியர்களே. விக்டர் குக்ளர், யோஹன்னஸ் கிளைமன், மீப் கீஸ், பெப் வொஸ்கைல், மீப்பின் கணவர் யான். யூதர்கள் வியாபாரம் நடத்தக்கூடாது என்று சட்டம் வந்தபோது, நிறுவனத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு ஓட்டோவுக்காகக் காப்பாற்றி வைத்தவர்களும் இவர்களே. சொத்து தங்கள் பெயரில் இருக்கிறது, உரிமையாளர் வெளியே தலைகாட்ட முடியாது. அப்போதும் ஏமாற்றவில்லை. எத்தனை சொத்து வழக்குகளைப் பார்த்த எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

மீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வியன்னாவில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பின் பட்டினியால் மெலிந்த குழந்தையாக நெதர்லாந்துக்கு வந்து, டச்சுக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தவர். அந்நிய நாட்டில் அடைக்கலம் என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, பங்கீட்டு உணவே கிடைக்காத காலத்தில், எட்டு வயிற்றுக்குக் காய்கறியும் ரொட்டியும் தேடி அலைந்தார். யான் இரகசிய எதிர்ப்பு இயக்கத்தின் மூலம் பங்கீட்டு அட்டைகளைப் பெற்று வந்தார். பெப் பால் கொண்டு வந்தார். வீரதீரச் செயல் என்று சொல்ல அதில் பெரிதாக எதுவும் தெரியாது. தினமும் பையைத் தூக்கிக்கொண்டு போவதும், யாரிடமும் வாய் திறக்காமல் இருப்பதும்தான். மாட்டிக்கொண்டால் சிறை, முகாம்.

1944 ஆகஸ்ட் 4-ஆம் தேதி போலீஸ் வந்தது. எட்டுப் பேரும் பிடிபட்டார்கள். குக்ளரையும் கிளைமனையும் கொண்டு போனார்கள். மீப் தப்பினார். தப்பியவர் ஓடி ஒளிந்தாரா? இல்லை. பணம் கொடுத்தாவது நண்பர்களை மீட்கலாம் என்று நேராக நாஜி போலீஸ் தலைமையகத்துக்கே போனார். முயற்சி பலிக்கவில்லை. செப்டம்பர் 3-ஆம் தேதி வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸ் சென்ற கடைசி இரயிலில் அந்தக் குடும்பமும் ஏற்றப்பட்டது.

திரும்பி வந்த பிறகு

ஈடித் 1945 ஜனவரி 6-ஆம் தேதி ஆஷ்விட்ஸில் இறந்தார். மூன்றே வாரத்தில் அந்த முகாம் விடுவிக்கப்பட்டது. மகள்கள் இருவரும் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டார்கள். ஓட்டோ மட்டும் ஜூன் 3-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார். நேரே போய்த் தட்டிய கதவு மீப், யான் தம்பதியின் கதவு. அதன் பிறகு ஏழு ஆண்டுகள் அவர்களோடுதான் வாழ்ந்தார். மகள்கள் இறந்த செய்தி உறுதியான நாளில், மீப் தன் மேசைக்குள் பத்திரப்படுத்தியிருந்த ஆனின் நாட்குறிப்பை எடுத்துக் கொடுத்தார். அதை அவர் படிக்கவே இல்லை. படித்திருந்தால், உதவியவர்களின் பெயரெல்லாம் இருந்ததால், எரித்திருப்பேன் என்று பின்னாளில் சொன்னார்.

ஓட்டோவுக்கு அப்படியொரு கதவு இருந்தது. திரும்பி வந்த மற்ற பலருக்கு இல்லை. போகும்போது அண்டை வீட்டாரிடம் வெள்ளிப் பாத்திரம், கம்பளம், பீங்கான் என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து கேட்டபோது, "என்ன சாமான்? எனக்குத் தெரியாதே" என்ற பதிலைக் கேட்டவர்கள் ஏராளம். இப்படிப்பட்டவர்களுக்கு டச்சு மொழியில் ஒரு கேலிப் பெயரே பிறந்தது: பேவாரியர்கள். 'பாதுகாத்து வைத்தல்' என்ற சொல்லையும் 'ஆரியர்' என்ற சொல்லையும் ஒட்டிய பெயர்.

அரசாங்கம் என்ன செய்தது? ஜெர்மனியில் பிறந்த யூதர்களைச் சட்டம் 'எதிரி நாட்டவர்' வரிசையில் வைத்துச் சந்தேகித்தது. ஹிட்லரால் வேட்டையாடப்பட்டவர், தான் ஹிட்லரின் ஆள் அல்ல என்று நிரூபிக்க வேண்டுமாம்! ஓட்டோவுக்கு டச்சுக் குடியுரிமை 1949-ல்தான் கிடைத்தது. ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சியோ, யூதர்கள் முகாமில் கிடந்த காலத்துக்கும் சேர்த்து அவர்களுடைய வீடுகளின் நிலக்குத்தகை பாக்கியைக் கேட்டது. தாமதத்துக்கு அபராதமும் போட்டது. இந்தக் கோப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் இருந்த ஒரு மாணவியின் கண்ணில் பட்டதால்தான் இது வெளியே வந்தது. 2016-ல் மாநகராட்சி ஒரு கோடி யூரோவை யூத சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்தது. டச்சு அரசாங்கத்தின் சார்பில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2020 ஜனவரியில். எழுபத்தைந்து ஆண்டுகள்!

அப்படியானால் குற்றவாளி யார்?

அந்த வீட்டைக் காட்டிக் கொடுத்தவர் யார் என்று 1947-48-லும் 1963-64-லும் போலீஸ் விசாரித்தது. கிடங்கு ஊழியர் ஒருவர் மேல் சந்தேகம் விழுந்தது; நிரூபணம் இல்லை. 2016-ல் ஆன் ஃபிராங்க் இல்லத்தின் ஆய்வு, போலி உணவு அட்டை தொடர்பான சோதனையில் அவர்கள் தற்செயலாகவே அகப்பட்டிருக்கலாம் என்றது. 2022 ஜனவரியில் வந்த ஒரு புத்தகம், ஒரு யூத நோட்டரி மேல் பழி போட்டு உலகச் செய்தியானது. இரண்டே மாதத்தில் வரலாற்று அறிஞர்கள் அதன் ஆதாரங்களைத் தகர்த்தார்கள். டச்சுப் பதிப்பகம் மன்னிப்புக் கேட்டுப் புத்தகத்தை விற்பனையிலிருந்து மீட்டுக்கொண்டது.

ஆதாரமில்லாமல் இறந்தவர் மேல் பழி போடுவதும் ஓர் அநீதிதான். அந்த ஒரு பெயர் நமக்குத் தெரியவில்லை. ஆனால் மற்றப் பெயர்கள்? பாரத்தில் போட்ட கையெழுத்துகள், பதிவேடுகள், இரயில் கட்டண ரசீதுகள், அபராத நோட்டீசுகள் எல்லாமே ஆவணக் காப்பகத்தில் தேதியோடு இருக்கின்றன. தொலைபேசியில் கிசுகிசுத்த ஒருவரைத் தேடி எண்பது ஆண்டுகள் அலைந்தோம். வெளிச்சத்தில் அமர்ந்து கையெழுத்துப் போட்டவர்களைக் கேட்க மறந்தோம்.

காட்டிக் கொடுப்பதைச் சட்டம் கடமையாக்கியது. நட்பைக் குற்றமாக்கியது. 1943-ல் பிடித்துக் கொடுத்த ஒரு யூதருக்கு ஏழரை கில்டர் கூலி! அப்படிப்பட்ட நாளில் பேராசிரியர் கிளெவெரிங்காவும் மீப்பும் எடுத்த முடிவு ஒன்றுதான்: இது சட்டமாக இருக்கலாம், இதில் எனக்குப் பங்கில்லை.

மைய்யர்ஸ் முகாமிலிருந்து உயிரோடு திரும்பினார். 1947-ல் நெதர்லாந்தின் புதிய உரிமையியல் சட்டத்தை எழுதும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. யூதர் என்று வெளியே தள்ளப்பட்டவர், அந்த நாட்டுக்கே சட்டம் எழுதினார்.

வாசகர்களே, உங்கள் மேசைக்கும் ஒரு நாள் ஒரு பாரம் வரலாம். உங்கள் சக ஊழியரை, அண்டை வீட்டாரைத் தனி வரிசையில் நிறுத்தும் ஒரு சாதாரணப் பாரம். சம்பளம், பதவி உயர்வு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அப்போது கண் முன்னால் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தப் பட்டியல் எங்கே போகப் போகிறது என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் பேனாவைக் கீழே வையுங்கள்.